வத்தல்மலை என்று ஒரு கம்ப்யூட்டர் இல்லை

ஷைனி: ...மறுபடியும் பேரை அடிச்சுட்டேண்ணா. அதேதான். 'வத்தல்மலைன்னு ஒரு கம்ப்யூட்டரே இல்லை'ங்குது.

அமல்தாஸ்: மலை மேல கரண்ட் இருக்குதா?

ஷைனி: இருக்குது. கோவிந்தம்மாள் அக்கா பால் சென்டர்லயேதான் நிக்கிறாங்க. அங்க கம்ப்யூட்டர் ஓடுதாம். அரூர் ஆபீஸ்லருந்துதான் உள்ள போவ முடியல.

அமல்தாஸ்: என் எடத்துக்குப் புதுசா வந்த சார் எங்க?

ஷைனி: லீவுண்ணா. போனும் எடுக்கல. காலைப் பாலோட அளவு வராம டேங்கர்ல ஏத்த மாட்டேங்கறாங்க. வெயில் ஏறிடுச்சு... அதான் உங்களுக்கு போன் போட்டேன்...

அமல்தாஸ்: சரி, பேரை வுடு. அந்த மெஷினோட நம்பரைக் கேட்டு, அதைப் போட்டு லாகின் பண்ணு.

ஷைனி: இருங்க... அக்கா, சொல்லுங்க... ம்... போட்டேன். அண்ணா, பாஸ்வேர்ட் கேக்குது!

அமல்தாஸ்: அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்குது. எந்த ஊருக்கு எந்த நம்பர்னு இருக்குற பேர் லிஸ்ட்டைத் தொற.

ஷைனி: கடத்தூர் இருக்குது... பாப்பாரப்பட்டி... வத்தல்மலை இல்லண்ணா! போன வாரம் புது சர்வருக்கு மாத்துனாங்க.

அமல்தாஸ்: அப்ப வுட்டுப்போச்சு. கடைசில நம்பரையும் பேரையும் சேத்துடு. மொதல்ல லிஸ்ட்டைக் காப்பி எடுத்துக்க.

ஷைனி: எடுத்துட்டேன்... இப்பல்லாம் எடுக்காம தொடறதில்ல.

அமல்தாஸ்: ம். இப்ப பேரை அடி.

ஷைனி: வந்துருச்சுண்ணா! பாலை ஏத்தச் சொல்லிட்டேன்.

அமல்தாஸ்: நல்லது. வெக்கிறேன்மா, கடைல ஆளு நிக்குது.

ஷைனி: என்ன கடைண்ணா?

அமல்தாஸ்: அதியமான்கோட்டையில. போன் கவர், சார்ஜர் விக்கிறேன்.

ஷைனி: நீங்களா? இவ்ளோ தெரிஞ்சு...

அமல்தாஸ்: ஒம்பது ஊரு பேரையும் அழிச்சு, பாலைத் திரிய வுட்டவன்னு வெளிய அனுப்புனாங்க. அப்புறம் யாரு கூப்புடுவா?

ஷைனி: அண்ணா... அழிச்சது நீங்க இல்ல.

அமல்தாஸ்: சொல்லும்மா.

ஷைனி: நான்தான். ஒரு பேரை எடுக்கப் போயி மொத்தமும் போச்சு. மேனேஜர் உங்களைத் திட்டறப்ப கதவுக்கு வெளியதான் நின்னேன். வேலைக்குச் சேந்து ரெண்டே மாசம்... பயத்துல வாய் வரல. அண்ணா... இருக்கீங்களா?

அமல்தாஸ்: இருக்கேன். எனக்கு அன்னிக்கே தெரியும் ஷைனி. யாரு உள்ள வந்தாங்கன்னு மெஷின் எழுதி வெக்கிற எடத்துல உம்பேரு இருந்துச்சு. மேனேஜர் பாக்கறதுக்குள்ள அந்த வரியை மட்டும் நான் அழிச்சேன். நீயே கதவைத் தொறந்து வந்து சொல்லுவேன்னு நெனச்சேன்மா...