அல்வால் கேட்டில் விழாத கியர்

— ரயில் போயிடுச்சு. கண்ணைத் தொற, சாந்தா.

— தொறந்துதான் இருக்கு. பார்த்துட்டுத்தான் இருந்தேன். அந்த எடத்துலதாங்க நின்னோம்... தண்டவாளத்து மேல. பின்சீட்டுல பட்டு.

— அதான் கேட்மேனும் லாரிக்காரனும் தள்ளிவிட்டாங்கல்ல! வண்டி ஓரமா வந்தாச்சு. அலமு அக்கா வீடு பக்கத்துலயே இருந்துச்சு, அவங்களே வந்து பட்டுவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கொழந்தை இந்நேரம் தோசை தின்னுட்டு இருக்கும். விடு.

— எப்படிங்க விடறது? கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிருந்தா...

— நான் என்ன பண்றது? ஃபர்ஸ்ட் போடப்போனேன், கர்ர்ருனு கத்துது, விழமாட்டேங்குது. இன்னைக்கு இதை விடறதா இல்ல. என்ன கோளாறுன்னு பார்த்துட்டுத்தான் மறுவேலை.

— மெக்கானிக் யூசுப் பாய் பார்க்கட்டுமே.

— நக்கோ! அவரு வேணாம். ஃபேக்டரில அவ்ளோ பெரிய மெஷினையே பிரிச்சு மாட்டறவன் நான். எனக்குத் தெரியாதா?

— காலைல நல்லாத்தானே விழுது. ஞாயித்துக்கிழமையும் ஒரு மக்கரும் பண்றதில்ல. சாயங்காலம் ஆனாத்தான்...

— அதான் சூடு. நாளெல்லாம் காஞ்சா கிளட்ச் பிளேட் ஒட்டிக்கும்.

— நாளெல்லாம் வண்டி ஃபேக்டரி ஷெட்டுல நிழல்லதாங்க நிக்குது. நாளெல்லாம் நின்னு வேலை செய்யறது நீங்க.

— ...உனக்கு ஒண்ணும் தெரியாது. இங்க பாரு, இஞ்சினை நிறுத்திட்டேன். இப்பப் போடறேன். ஃபர்ஸ்ட்... விழுது. செகண்ட்... விழுது. ஓடாதப்ப விழுதுன்னா கியர்ல கோளாறு இல்ல. கிளட்ச்தான் முழுசா விடலை.

— முழுசா மிதிக்கலைன்னாலும் அப்படித்தான் ஆகுமா?

— ஏன், என்ன கேள்வி இது? எறங்கிச் சுத்தி வா. என் சீட்டுல உக்காரு. நீ கிளட்ச்சை மிதி, நான் இந்தப் பக்கம் உக்காந்து லிவரைப் போடறேன்.

— நானா! ஐயையோ, வண்டி ஓடிடுச்சுன்னா?

— மிதிக்கத்தானே சொன்னேன், ஓட்டவா சொன்னேன்? ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டேன். இடது கால்... அடி வரைக்கும் மிதி. ம். ஃபர்ஸ்ட்.

— விழுந்துடுச்சு.

— ரிவர்ஸ்.

— அதுவும் விழுந்துடுச்சுங்க.

— செகண்ட்...

— சத்தமே இல்லாமப் போகுதே!

— இஞ்சின் ஆறிப்போயிருக்கும்.

— ஓடிட்டுத்தாங்க இருக்கு. பானெட்டைத் தொட்டுப் பாருங்க, தோசையே வார்க்கலாம். மறுபடி மாறி உக்காருவோம். இப்ப நீங்க மிதிங்க, நான் லிவரைத் தள்றேன்.

— கைக்கு? எதுக்கு மறுபடி? அதான் பார்த்தாச்சே.

— வாங்கன்னா... ம், இப்ப மிதிங்க.

— மிதிச்சாச்சு.

— கர்ர்ருங்குதே. இன்னும் மிதிங்க.

— அவ்ளோதான் போகும்.

— என் கால் அடி வரைக்கும் போச்சே. குனிஞ்சு பார்த்துட்டுத்தான் சொல்றேன், பெடல் பாதிலயே நிக்குது.

— மிதிச்சிட்டேன்னு சொல்றேன்ல!

— முட்டி நடுங்குதுங்க. எடுத்துடுங்க... போதும், காலை எடுத்துடுங்க.

— செருப்பு வழுக்குது...

— அந்தச் செருப்பு நடக்கும்போதே கழண்டு கழண்டு போகுதே. அதுவும் இஞ்சின் சூடா?

— சாந்தா, வாயை மூடு.

— மூடிட்டுத்தான் இருந்தேன். யூசுப் பாய் அன்னைக்கு என்ன சொன்னாரு? 'துரைராஜ் சாப் கா பேர் கம்ஜோர் ஹை'ன்னாரு. நான் வேலூர்க்காரி, எனக்கு இந்தி என்ன எழவு தெரியும்? உங்களைத்தான் கேட்டேன். 'பேர்னா இங்கிலீஷ்ல ஜோடி. கியர்ல சக்கரமெல்லாம் ஜோடி ஜோடியா இருக்கும், ஒரு ஜோடி தேஞ்சுபோச்சு'ன்னீங்க. நானும் பக்கத்து வீட்டு அம்மணிகிட்ட எங்க வண்டில பேர் கம்ஜோர்னு பெருமையாச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. பேர்னா காலாமே! கால்ல வலுவில்லைன்னு ஊருக்கே தெரியுது. பொண்டாட்டிக்கு மட்டும் கியர் கதை.

— வலின்னா சொல்லியிருப்பேன். வலிக்கவே இல்ல. படி ஏறும்போது விரல் இடிக்கும். மிதிக்கணும்னு நெனைப்பேன், கால் கேக்காது. சில நேரம் கேக்கும். உங்கிட்ட சொன்னா அழுவ. ஃபேக்டரில சொன்னா மெஷின்கிட்டயே விடமாட்டாங்க.

— அதுக்கு வண்டி மேலயா பழி?

— வண்டி பதில் பேசாதுல்ல.

— இன்னைக்குப் பட்டு போயிருப்பாளேங்க. நம்ம பட்டு.

— தெரியும்! எனக்குத் தெரியாதா? அந்தத் தண்டவாளத்து மேல ரெண்டு கையாலயும் முட்டியைப் பிடிச்சு அழுத்தினேன், சாந்தா. அப்பவும் போகலை... பயந்துட்டேன்.

— அழாதீங்க. கேட்மேன் பார்க்கறான்.

— பார்க்கட்டும்... ஆனா பெரிசா ஒண்ணும் இல்ல, கேளு. ஃபேக்டரி ஆஸ்பத்திரில டாக்டர் சீதாராமன்கிட்ட மட்டும் ரகசியமாக் காட்டினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, காலு கையெல்லாம் ஊசி குத்திப் பார்த்தாங்க. இடுப்புல ஒரு நரம்பு மாட்டிக்கிச்சாம். பொங்கலுக்குள்ள சரியாயிடும்னாரு.

— அப்படியா சொன்னாரு?

— ஹவ், ஆமா. சிரிச்சிட்டே தோளைத் தட்டிக் குடுத்தாரு. அதுவரைக்கும் நான் ஓட்டலை, போதுமா? பட்டு மேல சத்தியம். வண்டியைத் துணி போட்டு மூடிடறேன்.

— மூட வேணாம். எனக்குக் கத்துக்குடுங்க.

— உனக்கா! நீ எறங்கினா போலாரம் ரோட்டு எருமையெல்லாம் செகந்திராபாத்துக்கு ஓடிடும்.

— விளையாடலைங்க. நாளைலேர்ந்தே கத்துக்குடுங்க.

— என்ன அவசரம் இப்போ? கால் சரியாகட்டும். அப்புறம் பக்கத்துல உக்காந்து நிதானமாச் சொல்லித்தரேன்.

— நிதானமா முடியாதுங்க... டாக்டர் இன்னைக்குக் காலைல என்னைத் தனியாக் கூப்பிட்டனுப்பினாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. இன்னைக்கு ஒரு நாள்தானேன்னு, தெரிஞ்சேதான் பட்டுவை ஏத்திட்டு வந்தேன், பாவி. இடுப்பு நரம்பு இல்லீங்க. கால் சரியாகாதாம். அடுத்தது கையாம்... அப்புறம் நாக்காம். உங்க வாயில பேச்சு இருக்கும்போதே எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துடுங்க.