தோமையார்துறையில் ஸ்மார்ட்போன் தேவை குறையவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழில் வணிகப் பக்கம் நன்றாக வருகிறது. தேங்காய் விலையும் ரப்பர் விலையும் பிழையில்லாமல் இருக்கின்றன. அதனால்தான் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ஒரு செய்தி என்னை வருத்தியது. ‘ஸ்மார்ட்போன் தேவை மந்தம், மக்கள் ஆர்வம் காட்டவில்லை’ என்று போட்டிருந்தீர்கள். போன வாரமும் அதையே வேறு சொற்களில் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரியல்ல. ஆதாரமில்லாத கடிதங்களைத் தாங்கள் வெளியிடுவதில்லை என்று தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் ரசலையன். தக்கலையிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகிற இடத்தில், தோமையார்துறை முக்கில், கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். எதிரே மரியஜானின் பழுதுபார்க்கும் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சால்டரிங் கம்பி, அவ்வளவுதான். இந்த ஊர் ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். எல்லாரிடமும் இருந்தது பட்டன் போன். அதைப் பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, மடியில் செருகிக்கொண்டு போவார்கள். சின்ன வள்ளங்களில் வயர்லெஸ் கிடையாது. கரையிலிருந்து ஓரளவு தூரத்துக்கு டவர் கிடைக்கும். எஞ்சின் நின்றுபோனால் அந்தப் போன்தான் துணை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். காலைப் பூசை முடிந்ததும் உப்புத் தண்ணீர் குடித்த போன்களையெல்லாம் மரியஜானின் மேசையில் கொண்டுவந்து போடுவார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்துவிடுவான். நானும் எங்கள் சபையில் ஆராதனை முடித்து, தங்கள் நாளிதழோடு அங்கே போய் உட்காருவேன். அப்படித்தான் அந்தச் செய்தியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

“பத்திரிகைக்காரன் உள்ளதத்தான் எழுதியிருக்கான் ஓய்,” என்றான் மரியஜான். “ஒமக்க தேய்க்கிற போனு இங்க யாருக்கு வேணும்?”

“வேணும். கேக்கத்தான் செய்யல,” என்றேன்.

சிலுவைமுத்து பக்கத்தில் நின்றிருந்தார். சின்ன வள்ளத்தில் தனியாகத் தொழிலுக்குப் போகிறவர். வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும்.

“ரசலையா, ஒமக்க போனுல சார்ஜு மத்தியானம் வரைக்கும் நிக்குமா?”

“படம் பாக்கலாம். மொகம் பாத்துப் பேசலாம்.”

“எனக்க பெண்டாட்டி மொகத்துக்குப் பயந்துதான் மக்கா நான் கடலுக்கே போறேன். அங்கயும் வந்து நிக்கணுமா அவ?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரியஜான் போனை ஊதித் துடைத்துக்கொண்டே சொன்னான்: “கையில உள்ள போனு சாகணும் ஓய். அப்பதான் புதுசு வாங்குவான். நான் இருக்கது வரைக்கும் அது சாகாது. பத்திரிகையில அதையும் எழுதச் சொல்லும்.”

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அதில் விஷயம் இருந்தது. தேவை இல்லை என்பது வேறு, தேவையை எதுவோ மூடிவைத்திருக்கிறது என்பது வேறு. தங்கள் செய்தியாளர் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அறிவியல் ஆசிரியர் சொல்லித்தந்தது எனக்கு மறக்கவில்லை. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும், மற்றவற்றைத் தொடக்கூடாது. நான் மரியஜானோடு சண்டை போடவில்லை. என் கடையில் விலையைக் குறைக்கவில்லை. யாரையும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. பேட்டரியை மட்டும் மாற்றினேன்.

மரியஜானுக்குப் பேட்டரி கொடுப்பது நான்தான். நாகர்கோவிலுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அவனுக்கும் சேர்த்து எடுத்து வருவேன். அடுத்த முறை போனபோது, கழித்துப் போட்ட பேட்டரிகளை ஒரு சாக்கில் வாங்கி வந்தேன். துடைத்து, புதிய ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொன்றையும் நானே போனில் போட்டுப் பார்த்தேன். ஊதியிருந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். வெடித்து யார் கையிலாவது காயம் பட்டால் நன்றாக இராது. மற்றவை சார்ஜ் ஏறியதும் முழுக் கோடும் காட்டின. சும்மா வைத்திருந்தால் நிற்கும். யாரையாவது கூப்பிட்டால், பேச்சு தொடங்கியதும் அணைந்துவிடும். அப்புறம் எழாது. எனக்கு வேண்டியது அதுதான். புதிதென்று சொல்லிக் கொடுத்தேன். கோடு முழுசாக இருந்ததைப் பார்த்து மரியஜான் திருப்திப்பட்டான். பழகின மனிதன் கொடுத்ததைச் சோதித்துப் பார்ப்பது அவனுக்கு மரியாதைக்குறைவு.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அவற்றில் முதலாவது சிலுவைமுத்துவின் போனுக்குப் போயிற்று. அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்தான் முன்னால் நின்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் அவருடைய மனைவி சகாயசெல்வி என் கடைக்கு ஓடிவந்தாள்.

“அண்ணா, அவிய கூப்பிட்டாவ. எஞ்சின் நின்னுபோச்சு, நான் இப்பம்... ன்னு சொல்லும்போதே கட்டாயிப்போச்சு. எனக்க போனுல ஏதோ கோளாறு. ஒமக்க போனுல ஒருக்கா கூப்பிட்டுப் பாரும்.”

கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அதையே அவளிடம் சொன்னேன்.

கரையில் வள்ளக்காரர்கள் கூடினார்கள். உடனே தேடப் போகலாம் என்றார்கள் சிலர். எந்தப் பக்கம் போவது என்று சிலர் கேட்டார்கள். மரியஜான்தான் நியாயமாகப் பேசினான்.

“ஞாயித்துக்கெழமதான் புது பேட்டரி போட்டுக் குடுத்தேன். சார்ஜு உண்டும். டவருதான் விட்டுவிட்டுக் கெடைக்குது, அதான் அணைச்சிருக்குன்னு சொல்லுது. சிலுவ மாமன் இப்பம் கூப்பிடுவாவ பாருங்க. எந்த எடம்னு கேட்டுக்கிட்டு நேரா போவலாம். இல்லேன்னா கெழக்கயும் மேக்கயும் அலையணும்.”

அவன் வார்த்தைக்கு அந்த ஊரில் மதிப்பு உண்டு. எல்லாரும் சகாயசெல்வியின் போனைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள். அது ஒலிக்காது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். நானும் யோசித்தேன். சொன்னால் மரியஜான் வேறு இடத்தில் பேட்டரி வாங்கத் தொடங்குவான். பட்டன் போன்கள் பழையபடி ஓடும். தேவை மூடியே கிடக்கும், தங்கள் செய்தி சரி என்றே ஆகிவிடும். பாதியில் நிறுத்திய சோதனையால் யாருக்கும் பயனில்லை. ஆகவே எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். சகாயசெல்வி டீயைத் தொடவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் வள்ளங்கள் புறப்பட்டன. அதற்குள் காற்று திரும்பியிருந்தது. மறுநாள் அவருடைய வள்ளம் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டார்கள். அவர் உடல் பிறகு வடக்கே, கேரளக் கரையில் ஒதுங்கியது. போன் மடியில் இருந்ததாம். பையைப் பிரித்தபோது உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு மரியஜானை ஊரில் யாரும் திட்டவில்லை. சகாயசெல்வி மட்டும், “நீதானே மக்கா கூப்பிடுவாவன்னு சொன்ன,” என்றாள். அவன் கடையைப் பூட்டிவிட்டு அஞ்சுகிராமத்தில் மனைவி வீட்டுக்குப் புறப்பட்டான். பஸ்சுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒமக்க பேட்டரிய ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன் ஓய். எனக்க கைதான் எங்கயோ பெசகிப்போச்சு.”

அவன் பெட்டி கனமாக இருந்தது. நானே தூக்கி பஸ்சில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் என் கடைக்கு வந்தார்கள். நடுக்கடலில் வள்ளம் எங்கே கிடக்கிறது என்று கரையிலிருப்பவர்களுக்குக் காட்டுகிற போன் வேண்டும் என்றார்கள். சார்ஜ் ஏற்ற பவர் பேங்கும் கேட்டார்கள். இருந்த சரக்கு அன்றே தீர்ந்தது. நாகர்கோவிலுக்கு மறுபடி மறுபடி போய்வந்தேன். பக்கத்துத் துறைகளிலிருந்தும் வரத் தொடங்கிவிட்டார்கள். மந்தம் என்று தங்கள் பத்திரிகை இரண்டாம் முறை எழுதிய வாரத்தில் என் கடையில் நிற்க இடமில்லை. இந்த ஊரில் தேவை ஒருநாளும் குறைந்திருக்கவில்லை. இதற்கு மேல் ஆதாரம் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

சகாயசெல்வியும் வந்தாள். மூத்த மகன் சிஜோ கல்லூரியை விட்டுவிட்டு, தகப்பனின் எஞ்சினைச் சரிசெய்து கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். அவனுக்குத்தான் போன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, இதுல பேசிக்கிட்டிருக்கும்போ கட்டாயிராதுல்லா?”

ஆகாது என்றேன். நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். நான் வாங்கிய விலைக்கே கொடுத்தேன். சாவு விழுந்த வீட்டில் லாபம் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

இப்படிக்கு,
ரசலையன்