அம்மன்கிட்டக் கேட்ட பூ

கவியரசன்: எலுமிச்சம்பழத்தை எங்கே வெச்ச அக்கா?

சத்யா: பையில, முன்னால... டேய், அந்த ஜிப்பு இல்ல! அதுக்குள்ள கையை உடாத.

கவியரசன்: ஏன், உள்ளே பாம்பா இருக்குது?

சத்யா: பொம்பளைங்க பையில உனக்கென்ன வேலை? குடு இங்கே.

கவியரசன்: பஸ்ஸுல மலைப்பாதை எழுவது வளைவு எறங்கோணும். பாதி வளைவு தாண்டுறதுக்குள்ள அம்மாவுக்குக் கொமட்டும். அப்ப உக்காந்து தேடறதுக்கு... இதென்ன?

சத்யா: எது?

கவியரசன்: வாழையிலைப் பொட்டணம். ரெண்டு.

சத்யா: அது... பிரசாதம்.

கவியரசன்: நாரு கூட அவுக்கல. பிரசாதத்தைப் பிரிக்காமயா வெச்சிருக்க?

சத்யா: ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரிச்சுக்கலாம்னு. குடு.

கவியரசன்: அக்கா... என்ற மூஞ்சியப் பாரு.

சத்யா: பாத்தாச்சு. சவரம் பண்ணல. சேலத்துக்குப் போற மூஞ்சியா இது? பொண்ணு குடுக்கறவங்க யாராச்சும் எதுக்க வந்தா, அப்படியே திரும்பிப் போயிருவாங்க.

கவியரசன்: பேச்சை மாத்தாத. காத்தால கோயில்ல, அம்மன் முன்னால தட்டுல இருந்ததும் இதே மாதிரி ரெண்டு பொட்டணந்தான். ஒண்ணுல வெள்ளை அரளி, ஒண்ணுல செவப்பு அரளி. அம்மா ஒண்ணை எடுத்துச்சு, வெள்ளை வந்துச்சு. ஆபரேசனுக்குப் போகச் சொல்லி அம்மன் பூக் குடுத்திருச்சுன்னு பூசாரி அர்த்தனாரி மாமா மணியடிச்சாரு. அந்தப் பொட்டணம் அங்கயே கெடக்கோணும். இது எங்கிருந்து வந்துச்சு?

சத்யா: மெதுவாப் பேசு. அம்மா பொன்னாயி ஊட்டு வாசல்லதான் நிக்குது.

கவியரசன்: அதுக்குக் கேக்காது. கோழியப் பத்திப் பேசிக்கிட்டிருக்குது. இன்னிக்குள்ள முடியாது. நீ சொல்லு.

சத்யா: ...தட்டுல இருந்ததை நான் எடுத்துட்டேன்.

கவியரசன்: எடுத்துட்டு?

சத்யா: ஊட்டுலயே கட்டிக்கிட்டுப் போன ரெண்டை வெச்சேன்.

கவியரசன்: அந்த ரெண்டுலயும்...

சத்யா: வெள்ளை. நம்ம மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி பூத்ததுதான்.

கவியரசன்: அடிப் பாவி!

சத்யா: ஆமா, பாவிதான். அம்மா நடமாடறதைப் பாக்கறதுக்குப் பாவியாகோணும்னா ஆயிட்டுப் போறேன்.

கவியரசன்: எப்ப மாத்தின? நானும் அங்கதான நின்னேன்?

சத்யா: நீ கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கிட்டிருந்த. மாமா சுனைக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்தாரு. அம்மா மூச்சு வாங்குதுன்னு படியில உக்காந்திருந்துச்சு.

கவியரசன்: நான் கும்பிட்டது தப்பாப் போச்சு.

சத்யா: தப்புன்னு யாரு சொன்னா? நானும் கும்பிட்டுத்தான் மாத்தினேன். 'ஆத்தா, கண்டுக்காத'ன்னு.

கவியரசன்: சிரிப்பு வேற வருதா உனக்கு?

சத்யா: அழுதா அம்மா கண்டுபிடிச்சிரும் கண்ணு. அதான் சிரிக்கறேன். டேய், இங்க பாரு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இருதயத்துல வால்வு கெட்டுப்போச்சு, மாத்தினா எந்திரிச்சு நடக்கும், மாத்தாம உட்டா அடுத்த மொளகுப் பறிப்பைப் பாக்காதுன்னாங்க. நீயும் பக்கத்துலதான உக்காந்திருந்த?

கவியரசன்: உக்காந்திருந்தேன். ஆபரேசன்லயே போறவங்களும் உண்டுன்னாங்களே, அது உன்ற காதுல உழுந்துச்சா?

சத்யா: ரொம்பக் கொஞ்சம் பேருன்னாங்க.

கவியரசன்: அந்தக் கொஞ்சத்துல நம்ம அம்மா இருந்துட்டா?

சத்யா: நீயும் அம்மாவும் ஒரே மாதிரி. அது என்னடான்னா, 'அம்மன் பூக் குடுத்தாத்தான் மலை எறங்குவேன்'னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. செவப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? ஊட்டுலயே படுக்க வெச்சு, அது மூச்சுக்குத் தவிக்கறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பயா?

கவியரசன்: செவப்பு வந்தா அது அம்மன் சொன்னது. தலை வணங்கியிருப்பேன்.

சத்யா: நான் மாட்டேன்.

கவியரசன்: இதுக்குப் பேரு நம்பிக்கையா?

சத்யா: ரோஸ்லின் சிஸ்டரைப் பாரு. நம்ம ஊருக்கு நர்சு வேலைக்கு வந்தவங்க, வேதக்காரங்க. அம்மாவுக்காக வெள்ளிக்கிழமையானாச் சோறு திங்காம ஜெபம் பண்றாங்க. ஜெபத்தோட நிறுத்தினாங்களா? நெஞ்சுல கொழாயை வெச்சுக் கேட்டு, இது சாதாரண எளைப்பு இல்லைன்னு சொல்லி, சேலத்துக்கு அனுப்பி, நாம தங்கறதுக்கு அவங்க அக்கா ஊட்டுச் சாவியையும் குடுத்திருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச நம்பிக்கை இதுதான்.

கவியரசன்: அவங்க யாரையும் ஏமாத்தலயே அக்கா.

சத்யா: ...அது சரிதான்.

கவியரசன்: அர்த்தனாரி மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாரு?

சத்யா: நேத்து அவருகிட்டதான் முதல்ல போனேன். 'ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிருங்க மாமா'ன்னு கேட்டேன்.

கவியரசன்: அவருகிட்டயேவா!

சத்யா: அருவாளைக் கையில எடுக்காத குறைதான். 'அம்மன்கிட்டயே கள்ளத்தனமா? என்ற பாட்டன் காலத்துல இருந்து இப்படி ஒருத்தரு இந்த வாசல்ல வந்து கேட்டதில்ல'ன்னு குதிச்சாரு. வந்த வழியே ஓடியாந்துட்டேன்.

கவியரசன்: அவரு மனுசன்.

சத்யா: மனுசன்தான். அதனாலதான் பொட்டணத்தை நானே கட்ட வேண்டியதாப் போச்சு.

கவியரசன்: நான் அம்மாகிட்டச் சொல்லப்போறேன்.

சத்யா: கவி, வேண்டாம் சாமி. உன்ற கால்ல வேணாலும் உழுவறேன். சொன்னா அது பஸ் ஏறாது.

கவியரசன்: ஏறலைன்னா ஏறவேண்டாம். நாளைக்கு ஆபரேசனுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடறது யாரு? நானு. ஒரு மாசமா வராத தைரியம், காத்தால அந்தப் பூவைப் பாத்தப்புறந்தான் வந்துச்சு. அம்மனே சொல்லிட்டா, இனி என்ற கையில ஒண்ணுமில்லைன்னு... இப்ப அந்தப் பூவே உன்ற மாட்டுக்கொட்டாய்ப் பூவுன்னா, நான் எதைப் புடிச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்?

சத்யா: பயமா இருந்தா நான் போடறேன்.

கவியரசன்: எனக்கு வர்ற பயம் உனக்கும் வரும். அதைத் தூக்கி உன்ற தலையில வெக்க எனக்கு மனசு வராது. அழுவாத. அம்மா பாக்குது.

சத்யா: அழுவல. சரி... ஒண்ணு பண்ணலாம். இந்தப் பொட்டணம் ரெண்டும் மாமா கட்டினது. அம்மன் முன்னால இருந்தது. இதுல ஏமாத்து ஒண்ணுமில்ல. நீயே ஒண்ணை எடு.

கவியரசன்: நானா?

சத்யா: அம்மா பெத்த புள்ளைதான நீ? நீ எடுத்தா அம்மன் வேண்டாங்குதா? கண்ணை மூடு. கேளு. எடு.

கவியரசன்: செவப்பு வந்தா?

சத்யா: நானே அம்மாகிட்டச் சொல்றேன். ஊட்டுக்குத் திரும்பிரலாம். இது சத்தியம்.

கவியரசன்: நெசமாவா?

சத்யா: எடுடா. செம்மேட்டுல பஸ் கெளம்பியிருக்கும்.

கவியரசன்: ஆத்தா... தாயே... எதை எடுக்கறதுக்கா?

சத்யா: கையில படறதை எடு.

கவியரசன்: இது.

சத்யா: நாரை மெதுவா அவுரு... பூ சிதறிரும்...

கவியரசன்: நீ பாரு. நான் பாக்கல.

சத்யா: கவி.

கவியரசன்: என்ன?

சத்யா: கண்ணைத் தொற.

கவியரசன்: ...வெள்ளை!

சத்யா: வெள்ளை!

கவியரசன்: அக்கா, வெள்ளைக்கா! அம்மன் நெசமாவே குடுத்துட்டா! நீ பண்ணின திருட்டுத்தனத்தையும் மீறிக் குடுத்துட்டா பாரு!

சத்யா: திட்டிக்க. இன்னிக்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன். இந்தச் செவப்பை ஏன் பையில வெச்சுக்கிட்டு... வேலியோரம் போட்டுட்டு வாரேன்.

கவியரசன்: பொட்டணத்தோட போடாத, அம்மன் பூவு. அவுத்துப் போடு.

சத்யா: ஆமா... இரு...

கவியரசன்: என்ன நின்னுட்ட?

சத்யா: இதுவும் வெள்ளைடா.

கவியரசன்: வெளையாடாத.

சத்யா: நீயே பாரு.

கவியரசன்: ...ரெண்டும் வெள்ளை. அப்ப, அர்த்தனாரி மாமா...

சத்யா: அந்தக் குதி குதிச்சாரே மனுசன்!

கவியரசன்: அவருமா... அப்ப அம்மன் ஒண்ணுமே சொல்லலயாக்கா. காத்தாலயும் சொல்லல, இப்பவும் சொல்லல.

சத்யா: கவி, அம்மா வருது. மூஞ்சியத் தொடை. இலைய மறை.

கவியரசன்: மறைக்க மாட்டேன். போதும்.

அத்தாயி: என்ன, அக்காளும் தம்பியும் கையில பூவோட நிக்கறீங்க?

சத்யா: ஒண்ணுமில்லம்மா. ஏன் தனியா நடந்து வந்த? கூப்புட்டிருந்தா வந்திருப்பேன்ல? உக்காரு.

அத்தாயி: பொன்னாயி கையப் புடிச்சுப் பாதி தூரம் கூட்டியாந்தா. அடையில இருக்கற கோழியத் தொடாதன்னு சொல்லிட்டு வந்தேன். குஞ்சு வெளிய வர்றப்ப நானே வந்து பாத்துக்குவேன்... இருங்க, மூச்சு வாங்குது.

சத்யா: பேசாத. மெதுவா.

அத்தாயி: பேசாம இருந்தா எனக்கு இன்னும் எளைக்கும்டி.

கவியரசன்: அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.

சத்யா: கவி...

அத்தாயி: சொல்லட்டும் உடு. என்ன சாமி?

கவியரசன்: காத்தால நீ எடுத்த பூவு... அது அம்மன் குடுத்தது இல்ல. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு.

சத்யா: நான்தாம்மா மாத்தி வெச்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

அத்தாயி: நீ மாத்தினயா? நீ எதுக்குடி மாத்தின?

சத்யா: செவப்பு வந்தா நீ வரமாட்டயேன்னு...

கவியரசன்: இன்னும் கேளும்மா. மாமா கட்டி வெச்ச பொட்டணத்தையும் இப்ப அவுத்துப் பாத்தோம். அதுலயும் ரெண்டும் வெள்ளை.

அத்தாயி: நாலு பூவும் வெள்ளையா?

கவியரசன்: ஏம்மா சிரிக்கற?

அத்தாயி: வேற என்ன பண்றது... அய்யோ, நெஞ்சு புடிக்குது, சிரிக்க வெக்காதீங்க.

கவியரசன்: உன்னைய எல்லாருஞ் சேர்ந்து ஏமாத்தியிருக்கோம். நீ வேண்டாம்னா வேண்டாம்மா. ஊட்டுக்குப் போயிரலாம். உன்னைப் பொய் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போயி, அந்த மேசையில படுக்க வெக்க என்னால ஆகாது.

அத்தாயி: உனக்குப் பயமா இருக்குதா கண்ணு?

கவியரசன்: ...ஆமாம்மா.

அத்தாயி: தெரியும். ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறயே, எனக்குத் தெரியாதா? உங்கப்பனுக்கு வயித்துல ஆபரேசன் பண்றப்ப யாரு கையெழுத்துப் போட்டது?

கவியரசன்: பெரியப்பா.

அத்தாயி: நல்லதுக்குத்தான் போட்டாரு. உங்கப்பனுக்கு விதி அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவரு நம்ம ஊட்டு வாசப்படி மிதிச்சிருக்காரா?

சத்யா: ரோட்டுல பாத்தாக்கூடத் தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போறாரு.

அத்தாயி: 'உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க'ன்னு நானும் எத்தனையோ வாட்டி சொல்லி அனுப்பிட்டேன். சொல்றவ நானு, தாலியறுத்தவ. நானே சொல்லியும் அவரு மனசுக்குள்ள போகல.

கவியரசன்: இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு?

சத்யா: பஸ்ஸு வந்துருச்சு... டிரைவரு எறங்கி வர்றாரு. 'அம்மா மெதுவா ஏறட்டும், முன் சீட்டு காலியா வெச்சிருக்கோம்'ங்கறாரு.

அத்தாயி: மகராசன், நல்லாயிருக்கட்டும்.

கவியரசன்: அம்மா, பதில் சொல்லிட்டு ஏறு. அம்மன் வாக்குக் குடுக்காம நீ எப்படிம்மா வருவ?

அத்தாயி: ரெண்டுலயும் வெள்ளைய வெக்கச் சொல்லி அர்த்தனாரிகிட்டக் கெஞ்சினதே நான்தான் சாமி, யாருகிட்டயும் மூச்சு உடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன். டாக்டரம்மா சொன்ன அன்னிக்கே, 'போயிட்டு வாரேன், பாத்துக்க தாயி'ன்னு அம்மன்கிட்டச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவகிட்டக் கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. நான் திரும்பி வருவேன். ஒருவேளை வராமப் போனா, 'நான்தான் கையெழுத்துப் போட்டேன்'னு நீயும் உங்க பெரியப்பனாட்டம் தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திரியக் கூடாது, 'அம்மன் சொன்னா, போட்டேன்'னு நிமிந்து நடக்கோணும்... அதுக்குத்தான் அந்தப் பூவு. அது எனக்காகக் கேட்டது இல்ல கண்ணு, உனக்காகக் கேட்டது. இப்ப எனக்குக் கையக் குடு, படி ஒசரமா இருக்குது.