பேக் ஃபோகஸ் பார்க்காத நாள்

கண்ணாடியில் கண் பதித்துக் காட்சிக்குக் கூர்மை தந்தவரே! எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் லென்ஸ் அறையை இருபத்தாறு ஆண்டுகள் முறை வழுவாமல் காத்த மூத்தவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ‘லென்ஸ் அண்ணா’வே, வணக்கம்!

ஜூமை முழுதாக இழுத்து, ஒரு முகத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு விரித்தால், அந்தக் கூர்மை கடைசிவரை நிற்க வேண்டும். அதற்கு லென்ஸும் கேமராவும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். அதுதான் பேக் ஃபோகஸ். லென்ஸ் வேறு கேமராவுக்கு மாறும்போதெல்லாம் அதைச் சரிபார்த்துத் தந்த தங்கள் பொறுமையைப் பாராட்ட எங்களுக்கு வாயிருக்கிறது, தகுதிதான் இல்லை.

கடைவீதிக் கலவரத்தன்று அவசரமாக லென்ஸை மாற்றிக்கொண்டு ஓடினோம். அன்று யாரும் பேக் ஃபோகஸ் பார்க்கவில்லை. கடை வாசலில் நின்ற தையற்காரரின் முகம் நெருக்கத்தில் பளிச்சென்று விழுந்தது. விரித்ததும் வீதியே மங்கிப்போனது. அந்த மங்கலில் அதே நிறச் சட்டை போட்ட ஒருவன் கல்லெறிய, காவலர் ஒருவர் இறந்தார். “ஒரே ஷாட், அதே ஆள்” என்றது காவல்துறை.

கேமராவில் குறையில்லை என்று நீதிமன்றத்துக்குச் சான்று தரத் தங்களிடம் சொன்னார் மேலாளர். “நான் பாக்கல சார். பாக்காததைப் பாத்தேன்னு எப்படி எழுதுறது? தப்பு என்னோடதுதான்னு வேணா எழுதித் தரேன்” என்றீர்கள். எழுதியும் தந்தீர்கள், அவர் அதைக் கிழித்தார். சரிபார்த்தோம் என்று கேமரா பிரிவில் நாங்கள் ஒன்பது பேரும் கையெழுத்திட்டோம். வேலை போய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை.

தையற்காரருக்கு ஆயுள் தண்டனை. தங்களுக்கு ஆறு ஆண்டுகள் கிடங்கில் பேட்டரி எண்ணும் வேலை. அந்த எண்ணிக்கையிலும் பிசகாத பெருந்தகையே! தங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட நாங்கள் நிறுத்திவிட்டோம். வெட்கமாக இருக்கிறது, அண்ணா.

திங்கட்கிழமை தையற்காரருடைய மேல்முறையீடு வருகிறது. அவர் மனைவி தங்களைத் தேடி வந்ததையும், தாங்கள் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதையும் அறிவோம். எங்கள் ஒன்பது கையெழுத்துக்கு எதிரே தங்கள் ஒற்றைச் சொல் எடுபடாது என்பதையும் அறிவோம். ஆகவே மேலாளர் அமர்ந்திருக்கும் இந்த மேடையிலேயே அறிக்கையிடுகிறோம்: அன்று அந்த லென்ஸ் சரிபார்க்கப்படவில்லை. நாங்கள் எழுதியது பொய்.

நோயற்று, நிறைவுற்று, நெடுங்காலம் வாழ்க! இம்மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம், அண்ணா. சட்டத்தின் முன் வையுங்கள்.

இங்ஙனம்,
அந்த ஒன்பது பேரில்
ஏழு பேர்