அரை ஸ்பூன்

மத்தியானம் மூன்று மணி. ஊரடங்கு. நீளச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை... தன் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோல் கேட்க, ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தாள், எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் சிநேகிதனின் அக்கா. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். தொற்று வந்து, செயற்கை சுவாசக் குழாய் நாள்கணக்கில் தொண்டையில் கிடந்ததில், அதை எடுத்த பிறகும் மனிதருக்கு விழுங்க வரவில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீர்தான். வார்டில் ஆள் பற்றாமல், அக்காவுக்கு முழுக் கவச உடை மாட்டி நர்ஸே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"நிமிர்த்தி உக்கார வைங்க. தாடை கீழ இருக்கணும். அரை ஸ்பூன். முழுங்கினதும் ஏதாவது பேசச் சொல்லுங்க. குரல் தெளிவா வந்தா அடுத்த ஸ்பூன். ஈரமா, களகளன்னு வந்தா நிறுத்திடுங்க. தெளியிற வரைக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது."

அவர் பேசத் தேர்ந்தெடுத்தது ஒரே சொல். அரை ஸ்பூன்... "ரைட்!" அரை ஸ்பூன்... "ரைட்!"

அன்று நடுவில் முனகினார். "எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிற டவுன் பஸ் மாதிரி ஓட்டுறியேடி. ஒரு மடக்கு பச்சத் தண்ணி குடேன்."

"நாளைக்குத் தரேன். படுத்தாதீங்க."

விடிவதற்குள், அவர் போய்விட்டதாக ஃபோன் வந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்த ஸ்பூன் மட்டும் பிளாஸ்டிக் பையில் வீடு வந்தது.

மறுநாள் மூன்று மணி. வெறும் வீடு. திடீரென்று வார்டின் மருந்து வாடை... ஜன்னலோர நாற்காலியிலிருந்து, "ரைட்!"

தெளிவான குரல். அடுத்த ஸ்பூனுக்குக் காத்திருக்கும் குரல்.

தினமும் அதே நேரம். தம்பியைக் கூப்பிட்டாள். "தூக்கமில்லாம உனக்குக் காதுல என்னென்னமோ கேக்குதுக்கா" என்று சிரித்துக்கொண்டே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மூன்று அடித்தது. அவன் காதோரம்... "ரைட்!"

சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"மாமா கேட்டது தண்ணிதானே... குடுத்துடுக்கா. போயிடுவாரு."

"கெட்டியாக்காமலா?"

"செத்தவருக்கு இனிமே என்னக்கா ஆகப்போகுது?"

அவனே டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து நாற்காலியில் வைத்தான். இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே... மடக். மடக். மடக்.

பிறகு அமைதி.

பிறகு இருமல். அடங்காத இருமல். விடிய விடிய.

மறுநாள் மூன்று மணிக்கு நாற்காலி பேசியது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், களகளவென்று... "ரை...ட்..."

வருஷங்கள் போய்விட்டன. தம்பி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. அவள் மட்டும், தினமும் மூன்று மணிக்கு மாவு கலந்த தண்ணீரை அரை ஸ்பூன் எடுத்துக்கொண்டு அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்கிறாள். நீட்டுவதில்லை. காது கொடுத்துக் கேட்கிறாள்.

குரல் இன்னும் தெளியவில்லை.