முகப்பில் இரண்டு தட்டு

அந்த மூலைப் பாயை விட்டுவிட்டு உட்காருங்கள்.

அன்று படகில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவன் என் தம்பி சாரின். ஊர் பார்க்க வந்தவர்கள் நகரத்துப் பிருனும் அவர் மனைவி சந்தூவும். நான்காவது ஆள் நான். வேறு யாரும் இல்லை. எண்ணிக்கையில் பிறகு சந்தேகம் வரக் கூடாது.

பிற்பகல் மூன்றரை மணி. அந்த வருடம் தொன்லே சாப் ஏரி எங்கள் வீட்டுப் படிகளில் பதினாறை விழுங்கியிருந்தது. மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகளைக் காட்டிவிட்டு, அவர்களை அக்கரைத் துறையில் இறக்கப் போய்க்கொண்டிருந்தோம். மூழ்கிய காட்டுக்குள்... படகு இயந்திரத்தின் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டது. சாரின் ஒரு மரக்கிளையில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பாசியை அறுத்தான்.

அப்பா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வெள்ளக் காலத்தில் புதைக்கவோ எரிக்கவோ எங்களுக்குத் தரை கிடையாது. பெட்டியில் வைத்து மரத்தின் மேல் ஏற்றிவிடுவோம், தண்ணீர் இறங்கும்வரை. அந்த மரத்தில் படகைக் கட்டக் கூடாது. கட்டினால், இறந்தவரை அழைத்துப் போக வந்தோம் என்று அர்த்தம்.

நீர் ஏறி அடிமரம் மறைந்து, பெட்டியை இலைகள் மூடியிருந்ததால் அது அப்பாவின் மரம் என்று தம்பிக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

படகின் முகப்புப் பலகையில் இரண்டு தட்டு. டொக்... டொக். கிளம்பு என்று அப்பா தட்டுவது அப்படித்தான். சாரின் பழக்கத்தில் கயிற்றை அவிழ்த்து இயந்திரத்தை முடுக்கிவிட்டான். பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கைகள் மடியில் இருந்தன.

காட்டைத் தாண்டியதும் திறந்த ஏரி. காற்று எழுந்திருந்தது. விளிம்புக்குக் கீழே ஒரு சாண் இருந்த தண்ணீர், முகப்பில் இப்போது நான்கு விரலில் நின்றது.

“மதியம் மூணு மீன் தின்னீங்கல்ல, அதான் அமுங்குது” என்றாள் சந்தூ கணவரிடம்.

அடுத்த அலை உள்ளே விழுந்தது. பிருன் தொப்பியால் நீரை இறைத்தார். திரும்பிவிடலாமா என்று கேட்டார். திருப்பினால் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்க்கும்.

“அக்கா, முங்கிரும்” என்றான் சாரின், மெதுவாக.

முகப்பில் யாரும் இல்லை. ஆனால் சுருட்டு வாசனை... நனைந்த சுருட்டு.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: “அப்பா, நடுவுல வந்து உக்காருங்க.”

பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. முகப்பு எழுந்தது. என் பக்கத்துப் பலகை ஈரமாயிற்று.

துறையில் அவர்கள் இருவரையும் பத்திரமாக இறக்கினோம். படகு பாரமாகவே திரும்பியது. எங்கள் படியில் கட்டிய பிறகுதான் ஒரு சாண் எழுந்தது.

தண்ணீர் இறங்கியதும் பெட்டியை இறக்கினோம். ஆணிகள் அடித்தபடியே இருந்தன. உள்ளே எதுவும் இல்லை.

பெற்ற தகப்பனை மரத்தில் விட்டுவிட்டு வெறும் பெட்டியை எரித்தோம் என்று ஊரில் பேச்சு. வெறும் பெட்டியை எரித்தது உண்மை. மரத்தில் விட்டது பொய்.

அந்தப் பாய் அவருடையது.