மூன்றாவது பத்தி

சுஜாதா: ...இல்ல சார், வக்கீல் சாரே திருப்பி அனுப்பிட்டாரு. பாருங்க, மனுவுல மூணாவது பத்தி மேல குறுக்கால கோடு போட்டு வெச்சிருக்காரு.

ஜெபரத்தினம்: கோடா? அதுல பிழை ஒண்ணும் இருக்காதேம்மா. நான் எழுதினது.

சுஜாதா: பிழைன்னு யாரு சொன்னா. படிக்கிறேன், கேளுங்க. "கொடுமை எனப்படுவது யாதெனில், ஒருவரின் உடலையும் உள்ளத்தையும் வருத்தும் செயல் ஆகும். இல்லறம் எனப்படுவது அன்பின் வழி அமைவது. அவ்வன்பு அற்ற இடத்தில் கொடுமை குடிபுகும்..." கேக்க நல்லாத்தான் கீது. வாத்தியாரா சார்?

ஜெபரத்தினம்: மிஷன் பள்ளிக்கூடம். தமிழ். பத்தின்னா முதல்ல பொருளை வரையறுக்கணும். அப்பறம் வருணிக்கணும். அதுதான் முறை.

சுஜாதா: வரையறுத்தாச்சு. வருணனை எங்க சார்?

ஜெபரத்தினம்: அது எதுக்கு... படிக்கிறவங்களுக்குத் தானாப் புரியும்.

சுஜாதா: கோர்ட்டுக்குப் புரியாதாம். கொடுமைன்னா இன்னான்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்களாம். இந்தப் பொண்ணுக்கு இன்னா நடந்துச்சுன்றதுதான் எதுலயும் இல்ல. வக்கீல் சார் சொன்னதை அப்படியே சொல்றேன், நான் வெறும் டைப் அடிக்கிறவ.

ஜெபரத்தினம்: வேற வார்த்தை போட்டுப் பாக்கலாம்.

சுஜாதா: பாத்துகினே இருந்தா இன்னைக்குப் போய் நாளைக்கு ஆயிடும். ஏம்மா, ப்ளெஸ்ஸிதானே உன் பேரு? இப்ப எங்க தங்கியிருக்க?

ப்ளெஸ்ஸி: திருவாலங்காட்டுல, எங்க சித்தி வீட்ல.

சுஜாதா: அங்க வராரா உங்க வீட்டுக்காரரு?

ப்ளெஸ்ஸி: முந்தாநாள் வந்தாரு. கதவை உதைச்சாரு. சித்தப்பாவைத் தள்ளி விட்டாரு. மறுபடி வந்தா இழுத்துகினு போயிடுவேன்னாரு.

சுஜாதா: பாத்தீங்களா சார்? கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு போட்டாத்தான் போலீசு நிறுத்தும். உத்தரவு வேணும்னா இந்தப் பத்தி வேணும். வெறும் இல்லறத்தைக் காட்டினா குடுப்பாங்களா? பேரு, விலாசம்லாம் கடைசில போட்டுக்கறேன். முதல்ல இதை முடிங்க. அந்த நாற்காலி ஆடும், இப்படி உக்காருங்க.

ஜெபரத்தினம்: நிக்கிறேன்.

சுஜாதா: தமிழ் வாத்தியாருன்னா சட்டை மடிப்பு கலையாதும்பாங்க. உங்க சட்டை இன்னா சார் இப்படி? கிருத்திகைக் கூட்டத்துல மாட்டிக்கினீங்களா?

ஜெபரத்தினம்: சட்டையை விடு. எழுது. "எதிர்மனுதாரர் மனுதாரரை முறையாக நடத்தவில்லை."

சுஜாதா: முறையான்னா? நான்கூட எங்க வூட்டுக்காரரை முறையா நடத்தறது இல்ல. தட்டை டொக்குனு வெச்சித்தான் சோறு போடறேன். அது கேஸாவுமா?

ஜெபரத்தினம்: "கடுமை காட்டினார்."

சுஜாதா: எதுல காட்டினாரு? பேச்சுலயா, கையிலயா?

ஜெபரத்தினம்: ...குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்கும்மா. நாலு பேரு நடுவுல இதைப் படிப்பாங்க.

சுஜாதா: யாரு குடும்பத்துக்கு சார்? உங்க மாப்பிள்ளை குடும்பத்து மானத்தை நீங்க எதுக்குத் தூக்கிகினு அலையறீங்க?

ஜெபரத்தினம்: மாப்பிள்ளைன்னு சொல்லாதே. அவன்னு சொல்லு, போதும்.

சுஜாதா: சரி, அவன். பெத்தவருக்கு வாயில வராதுதான். கஷ்டம்தான்.

ஜெபரத்தினம்: ஆங்... பெத்தவனுக்குக் கஷ்டம்தான்.

ப்ளெஸ்ஸி: அக்கா, நான் சொல்றேன்.

ஜெபரத்தினம்: நீ இரும்மா. நான் பாத்துக்கறேன்.

சுஜாதா: மனுதாரர் அவளா, நீங்களா சார்? நீ சொல்லும்மா.

ப்ளெஸ்ஸி: ஞாயித்துக்கெழமை காலைல. சர்ச்சுக்குக் கிளம்பணும். மாடியில சட்டை தேச்சிகினு இருந்தேன். வந்து ஃபோனைக் கேட்டாரு, யாருகிட்ட பேசினேன்னு. சித்திகிட்டதான்னு சொன்னேன். நம்பல. இஸ்திரிப் பெட்டியை என் கையிலேர்ந்து பிடுங்கி...

ஜெபரத்தினம்: போதும்.

சுஜாதா: போதாது சார். பிடுங்கி?

ப்ளெஸ்ஸி: தோள்ல வெச்சாரு. ரவிக்கை மறைக்கிற எடமாப் பாத்து.

சுஜாதா: இதையும் அப்படியே அடிக்கவாம்மா?

ப்ளெஸ்ஸி: அடிங்கக்கா. பரவால்ல. எனக்கு இப்ப எரியல.

சுஜாதா: அடிக்கிறேன்... "ரவிக்கை மறைக்கும் இடமாகப் பார்த்து..."

ஜெபரத்தினம்: பார்த்து வேணாம்.

சுஜாதா: சார், மறுபடியுமா? இந்தப் பொண்ணே வாயைத் தொறந்து சொல்லிட்டா...

ஜெபரத்தினம்: பார்த்துன்னா ஏதோ கண்ணுல பட்ட எடம்னு சொல்லிடுவாங்க. "தேர்ந்தெடுத்து"ன்னு போடு. "ரவிக்கை மறைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து."

சுஜாதா: ...சரி சார். போட்டுட்டேன். வீட்ல அப்போ வேற யாராவது இருந்தாங்களா?

ப்ளெஸ்ஸி: யாரும் இல்லக்கா.

ஜெபரத்தினம்: இருந்தாங்க. கீழ, அவனோட அப்பா இருந்தாரு.

ப்ளெஸ்ஸி: அவருக்குக் கேட்டிருக்காது. டி.வி. ஓடிகினு இருந்தது.

ஜெபரத்தினம்: கேட்டுச்சு.

சுஜாதா: உங்களுக்கு எப்படி சார் தெரியும்?

ஜெபரத்தினம்: தெரியும். எழுது. மாடிப்படிக் கதவு தொறந்துதான் கிடந்தது. இந்தப் பொண்ணு கத்தினா. கத்தினதும் அவரு ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினாரு.

சுஜாதா: கொறைச்சிட்டுக் காது குடுக்காம... கூட்டினாரா?

ஜெபரத்தினம்: கூட்டினாரு. ஜெபப் பாட்டு. தெருப்பக்கம் ஜன்னலையும் சாத்தினாரு. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாதுன்னு.

சுஜாதா: யப்பா. ஆளு இன்னா, ஊர்ல பெரிய மனுஷனா?

ஜெபரத்தினம்: சர்ச்சுல மூப்பர்.

சுஜாதா: மூப்பரா... மூத்துதான் போயிருக்காரு. அப்பறம்?

ப்ளெஸ்ஸி: அப்பறம் ஒண்ணும் இல்லக்கா. சர்ச்சு மணி அடிச்சது. சேலை மாத்திகினு எல்லாரும் போனோம்.

சுஜாதா: அந்தத் தோளோடவா?

ப்ளெஸ்ஸி: ஆங். முழங்கால் போடறப்பதான் கொஞ்சம் இழுத்துச்சு.

சுஜாதா: நீ தேச்ச சட்டை? அதைத்தான் மாட்டிகினு வந்தாரா அந்த உத்தமரு?

ப்ளெஸ்ஸி: அது அவருது இல்ல... அவங்க அப்பாவோடது.

சுஜாதா: மூப்பருதா?

ஜெபரத்தினம்: வலது கையை மட்டும் தேச்சு முடிக்கல. அவரு அதையேதான் போட்டுகினு போயி முதல் பெஞ்சில நின்னாரு. சுருக்கம் தெரியக் கூடாதுன்னு ரெண்டு கையையும் மடக்கி விட்டுகினாரு. அதுக்கப்பறம் யாரையும் சட்டை தேய்க்கச் சொல்லல. முதல் ரெண்டை மட்டும் எழுது. மத்தது வேணாம்.

சுஜாதா: கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க... மொத்தமாப் படிக்கிறேன். "மேற்படி ஞாயிறு காலை எதிர்மனுதாரர், மனுதாரரின் கையிலிருந்த சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி, ரவிக்கை மறைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, தோளில் வைத்து அழுத்தினார். மனுதாரர் அலறினார். கீழ்த்தளத்தில் இருந்த எதிர்மனுதாரரின் தந்தை தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். ஜன்னலைச் சாத்தினார். மனுதாரர் தேய்த்துக்கொண்டிருந்த, வலது கை தேய்க்கப்படாத சட்டையை அணிந்து தேவாலயம் சென்றார்." சரியா சார்?

ஜெபரத்தினம்: சரி. கொடுமைன்ற சொல்லே வரல.

சுஜாதா: போடட்டா?

ஜெபரத்தினம்: வேணாம்.

சுஜாதா: என்னைக் கேட்டா அந்த மூப்பரையும் சேத்து எதிர்மனுதாரரா போட்டாத்தான் மனசு ஆறும்.

ஜெபரத்தினம்: வக்கீல் போடச் சொன்னா போட்டுக்கோ. இப்ப சாட்சின்னு எழுது.

சுஜாதா: சாட்சியா? பெத்த புள்ளைக்கு எதிரா கூண்டுல ஏறி நிப்பாரா அந்த ஆளு? ரிமோட்டைத் தேடுவாரு சார்.

ஜெபரத்தினம்: நிப்பாரு.

சுஜாதா: போயி பேசினீங்களா?

ஜெபரத்தினம்: பேசிகினுதான் இருக்கேன். இன்னைக்குக் காலைலதான் ஒத்துகினாரு.

சுஜாதா: நீங்க சொன்னா சரி. இப்ப பேருங்க. மனுதாரர் ப்ளெஸ்ஸி. எதிர்மனுதாரர்?

ப்ளெஸ்ஸி: டேவிட்சன்.

சுஜாதா: அவரு அப்பா பேரு?

ப்ளெஸ்ஸி: ...அது போடாம முடியாதாக்கா?

சுஜாதா: அதெப்படிம்மா? ஊர்ல எத்தினி டேவிட்சன் இருப்பான்.

ப்ளெஸ்ஸி: மாமா, நீங்க வெளிய போயி டீ குடிங்க. நான் சொல்லிக்கறேன்.

சுஜாதா: மாமாவா? உங்க அப்பான்னு இல்ல நான்... சார், அப்போ நீங்க...

ஜெபரத்தினம்: ஜெபரத்தினம்னு அடிம்மா. ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கே.ஜி.கண்டிகை. சாட்சி பேரும் அதேதான்... ரெண்டு எடத்துலயும் முழுசா அடி.